புரட்டாசியில் முட்டையில்லாத மஃபின்

எல்.கே.ஜி. போகும் மகள் காலையில் எதையும் ஒழுங்காகச் சாப்பிடமாட்டாள். இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பள்ளி வேனில் ஏறுவாள். ஆவணி கடைசி வாரத்தில்தான் அதற்கொரு வழி பிறந்தது. கரியாலூரிலிருந்து வாங்கி வந்த சாமையை மாவாக்கி, நாட்டுச் சர்க்கரையும் முட்டையும் கலந்து, அடியில் உப்பு பரப்பிய பழைய குக்கரில் மஃபின் சுட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் வெறும் வயிற்றோடு வேன் ஏறவில்லை.

மறுநாள் புரட்டாசி பிறக்கிறது என்பது ஆவணி கடைசி நாளன்றுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் பெருமாளுக்காக அந்த மாதம் முழுவதும் முட்டைகூட உள்ளே வராது.

"கொழந்தைக்கு மட்டும் வாங்கிக்கலாங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நாமம் போட்டுக்கினு வூட்டுல முட்ட ஒடைப்பாங்களா? சும்மா இரு."

முட்டை இல்லாவிட்டால் சாமை மாவு உதிர்ந்துவிடும், அவள் பழையபடி பட்டினியாகப் போவாள் என்று பயந்தேன். காலையில், கனிந்த வாழைப்பழத்தை மசித்து, புளித்த தயிரில் சமையல் சோடாவைக் கலந்து மாவில் ஊற்றினேன். குக்கரைத் திறந்தபோது மஃபின்கள் உச்சியில் லேசாக வெடித்து உப்பியிருந்தன.

கணவர் ஒன்றைப் பிட்டு முகர்ந்தார். "இன்னாது, இவ்ளோ மெத்துனு இருக்குது? நெசமா முட்ட போடலியே?"

"போடலங்க. வாழப்பழந்தான்."

மகள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அது என்துப்பா." வாய் நிறைய மென்றபடியே என்னிடம் திரும்பி, "இன்னொன்னு குடும்மா" என்றாள்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஓட்டுநரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, அவள் விழுங்கி முடிக்கும்வரை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.