யன்னல்காரரிடம் கேட்ட கையெழுத்து

இன்று காலை எங்கள் பழைய யன்னல்களை மாற்ற அளவெடுக்க வந்த விற்பனையாளர், இரண்டு மணிநேரமாகி, மூன்று தேத்தண்ணி குடித்தும் எழும்பவில்லை.

"அக்கா, இந்த விலை இண்டைக்கு மட்டும்தான். இப்பவே கையெழுத்துப் போடுங்க."

போன மாரியில் யன்னலால் மழைத்தண்ணி வந்து மகளின் புத்தகங்கள் நனைந்ததை நான் மறக்கவில்லை.

"போடுறன் தம்பி. மழைத்தண்ணி உள்ள வந்தா காசில்லாம திருத்தித் தருவம் எண்டு இதில எழுதுங்க."

"அப்படி எழுதுறதில்ல அக்கா. என்ட வாய்ச்சொல்லை நம்புங்க."

"அப்ப நானும் வாயாலயே ஓம் எண்டு சொல்றன். கையெழுத்து எதுக்கு?"

அவர் பேனையை மூடிவிட்டு எழும்பினார்.

பின்னேரம் வாழைச்சேனையில் ஒரு யன்னல் கடையில் அதையே கேட்டேன். முதலாளி மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அங்கேயே ஓடர் கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வந்தார்களா? எத்தனை தேத்தண்ணியோடு அனுப்பிவைத்தீர்கள்?