போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா

என் மகள் டாக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே கலவரம் வெடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். "எங்க காலேஜ் பக்கம் ஒண்ணும் இல்லம்மா, நியூஸ் பாத்துட்டு பயப்படாதீங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் நம்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. பத்து மணிக்குப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் எனக்கு வேலை. போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சல்லடை அதிரும்போதெல்லாம் போன்தான் அதிர்கிறது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு அடுத்த சல்லடைக்கு நகர்ந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பாய் என்னைத் தேடி வந்தார். மாடியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். இந்த எஸ்டேட்டுக்கு வந்து பல வருஷம் ஆகிறது, தமிழை எங்களிடம்தான் கற்றுக்கொண்டார்.

"அக்கா, நெட் கட். முழு நாடும் கட். வாட்ஸ்அப் வேணாம், சும்மா நம்பருக்கு அடி."

தொழிற்சாலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் லைன் ஒழுங்காகக் கிடைக்கும். தூறலில் நனைந்துகொண்டு இருவரும் அங்கே போய் நின்றோம். அவர் தன் வீட்டுக்கு அடித்தார், நான் மகளுக்கு அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் எனக்குத்தான் கிடைத்தது.

"அம்மா, நாங்க ஹாஸ்டல்லதான் இருக்கோம். கேட்ட பூட்டிட்டாங்க. வெளிய சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

"என்னா சத்தம்?"

"பட்டாசு மாதிரி" என்றாள். பட்டாசு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு அவசரமாகச் சொன்னாள். இன்றைய விமானத்துக்கு நான்கு சீனியர் பெண்களுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வேனில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள். வேனில் ஒரு இடம் இருக்கிறது. அவளுக்கு டிக்கெட் இல்லை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

"நான் போவட்டுமாம்மா? இப்பவே சொல்லணும்."

பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். அந்த நேரம் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. "போகச் சொல்லு லா. ஏர்போட்டுக்குள்ள பூந்துட்டா போதும். ஹாஸ்டலுக்குள்ள பூந்து அடிச்சா என்னா பண்ணுவ?"

பாய் வேறு மாதிரி சொன்னார். ஹாஸ்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து ஈர மண்ணில் விரலால் சாலையைப் போட்டுக் காட்டினார். "இங்க ஸ்டூடென்ட் நிக்கும். இங்க போலிஸ் நிக்கும். சாயங்காலம் ரெண்டும் சண்டை போடும். சாயங்காலம் ரோடு பாகுஸ் இல்ல அக்கா, ரொம்ப மோசம். காலையில கொஞ்சம் பரவால்ல. மலேசியா தூதரகம் பஸ் அனுப்பும். அதுல போனா யாரும் தொடாது."

"அனுப்பலன்னா?"

"அனுப்பும்" என்றார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுபடி லைன் கிடைத்ததும் நான் அவளை இருக்கச் சொன்னேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் அது பொய். போகச் சொல்லி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நான்தானே அனுப்பி வைத்தவள் என்ற பயம். இருக்கச் சொல்வது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுபோல் தோன்றியது. அவ்வளவுதான்.

அடுத்த தடவை லைன் கிடைத்தபோது பாய் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் அவளிடம் ஒப்பித்தேன். பாஸ்போர்ட்டைப் பைக்குள் போடாதே, உடம்போடு கட்டிக்கொள். அதன் நகலைப் பையில் வை. வாளி, பாட்டில் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வை. ரோட்டைப் பார்த்த ஜன்னல் பக்கம் படுக்காதே. தூதரகத்துப் பட்டியலில் உன் பேர் இருக்கிறதா என்று கேள். கூட்டத்தை எடுத்த படம் ஒன்றுகூட போனில் இருக்கக்கூடாது. யார் நிறுத்தினாலும் எந்தப் பக்கமும் பேசாதே. ஸ்டூடென்ட், மலேசியா, வீட்டுக்குப் போகிறேன், இந்த மூன்றுதான்.

"சரிம்மா. அவங்க கெளம்புறாங்கம்மா" என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

மறுநாள் காலை கணவர் வீட்டுக்கு வந்து லோரி சாவியை மேசையில் போட்டார். "அந்த நாலு பிள்ளைங்களும் கேஎல் ஏர்போட்டுல வந்து எறங்கிட்டாங்க. ஒருத்தியோட அப்பா போன் பண்ணாரு." அதற்கு மேல் என்னிடம் அவர் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். நம்பருக்கு அடித்தாலும் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குப் போனேன். அந்த வேனில் ஐந்தாவது ஆளாக அவள் ஏறி உட்காருவதையே மனம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாடிப்படியில் பாய் எதிரே வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்று கேட்டார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "உங்க பேச்சக் கேட்டுத்தான் என் பிள்ள அங்க மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டேன். படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர் தலைத் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

என்னோடு சலிக்கும் பெண் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். "ஏன்கா அப்படிச் சொன்ன? அவரு தம்பியையே மூணு நாளாக் காணோமாம். நெட் கட்டாவுறதுக்கு மொத நாளே துணிக்கடைக்கு வேலைக்குப் போனவன் வீடு திரும்பலையாம்."

தொட்டிப் பக்கம் அத்தனை நேரம் ஒன்றாக நின்றோமே, உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடிக்குப் போனேன். வாட்டும் தொட்டியில் கொழுந்தை உதறிப் பரப்பிக்கொண்டிருந்தார். "தம்பியப் பத்தி சொல்லவே இல்லையே, பாய்."

"சொன்னா நீங்க இன்னும் பயப்படும்" என்றார், கையை நிறுத்தாமல். நானும் ஒரு பக்கம் நின்று கொழுந்தை உதறிவிட்டேன். மன்னிப்பைப் பிறகு ஒருநாள்தான் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அம்மா, ஏர்போர்ட்டுக்குள்ள வந்துட்டேன். பஸ் வந்திச்சு." நான் அடுப்பை அணைத்துவிட்டேன். கணவர் போனை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கோலாலம்பூர் போய் அவளை அழைத்துக்கொண்டு கம்போங் ராஜா வழியாக மலையேறி வந்தோம். வழியெல்லாம் தூங்கினாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய சிப்பாய் ஒருவன் அவள் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தானாம். எங்கள் வீட்டுப் பூனை, என் அடுப்படி, எஸ்டேட் மலை, இவ்வளவுதான் இருந்தன. தேயிலைப் படத்தில் நிறுத்தி, "சில்ஹெட்டா?" என்று தங்கள் நாட்டுத் தேயிலைப் பகுதியைச் சொல்லிக் கேட்டான். "இல்லை, மலேசியா, எங்கள் வீடு" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டான். பின் சீட்டுப் பெண் ஒருத்தியின் போனில் ஊர்வலப் படங்கள் இருந்தன. அவளைக் கீழே இறக்கி முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள். அவள் திரும்ப ஏறும்வரை பஸ் நகரவில்லையாம்.

அடுத்த வாரம் பாயின் தம்பி கிடைத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில், காலில் குண்டு பாய்ந்து. இணையம் திரும்பியதும் வந்த எக்ஸ்ரே படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவருக்குப் புரியும்படி வங்காள மொழியில் விளக்கினாள். எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தமிழில் கேட்டார். "நடக்குமா?"

"நடப்பாரு, அங்கிள். நாளாகும். நான் இன்னும் முழு டாக்டர் இல்ல, ஆனா நடப்பாருன்னுதான் தெரியுது."

கல்லூரி திறந்ததும் அவள் திரும்பப் போனாள். வேண்டாம் என்று நான் அழுதேன். கணவர்தான் சமாதானப்படுத்தினார். அவளை அன்று இருக்கச் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போனவர்களும் வந்து சேர்ந்தார்கள், இருந்தவளும் வந்து சேர்ந்தாள். இப்போதெல்லாம் அவளுக்குப் போன் அடித்தால், பக்கத்து அறைப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.