பிடிமண்ணுக்கு என்ன பெயர்

ஊறுகாய் பாட்டிலில்தான் அந்தச் சாமி மும்பை தாராவிக்கு வந்தது. ஊரில் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண்ணெடுத்து, பிழைக்கப் போன இடத்தில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், பிடிமண் என்போம். அக்காவின் கணவர், என் அத்தான், அதைத் தன் பை தைக்கும் பட்டறையின் மூலையில் கொட்டி, சின்ன மேடாகக் குழைத்து வைத்தார். சிலை கிடையாது, படம் கிடையாது. அது ஊர் மண்தானா, சயான் பக்கம் ஏதோ பள்ளத்தில் அள்ளியதா என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை அடித்தது மட்டும் நிச்சயம்.

எனக்கு எதையும் எளிதில் நம்பும் பழக்கமில்லை. மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதே வேலை. இடத்துக்கு இடம் பதில் மாறினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அத்தானோ அக்காவிடம் அதை மாடன் என்பார். மராட்டிக்காரப் பக்கத்து வீட்டாரிடம் சிவனின் அம்சம் என்பார். பட்டறைத் தையல்காரர்களிடம், அநியாயமாகச் செத்துப்போன எங்கள் முன்னோர் ஒருவர் என்பார். ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன். "அத்தான், அது சாமியா, ஆவியா, மண்ணா? ஒண்ணு சொல்லுங்க."

"அது இருக்கு மாப்ள, அவ்வளவுதான்."

நழுவுகிறார் என்றே நினைத்தேன். விளக்கம் இல்லாத சாமி வசதியான சாமி. அதைப் பொய்யென்று யாரும் நிரூபிக்க முடியாதல்லவா.

சில வருடங்களுக்கு முன், புதுக் கட்டிடம் வரப்போகிறதென்று வீடு வீடாக அளவெடுக்க வந்தார்கள். அக்கா குடும்பம் குடியிருந்ததே பட்டறைக்கு மேலே இருந்த பரணில்தான். வீடென்று எழுதினால் புது வீடு கிடைக்கும். கோயிலென்று எழுதினால் வழக்கு, இழுபறி. கதவு சாத்திக் குளிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை.

அளவெடுப்பவர் மூலையைப் பார்த்தார். "யே க்யா ஹை? பக்வான்? கோன்சா?" எந்தச் சாமி என்று கேட்கிறார். அத்தான் வழக்கம்போல ஏதாவது மழுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "மிட்டி ஹை சாப்" என்றார். வெறும் மண்.

இத்தனை வருடமாக நான் கேட்ட தெளிவான பதில் அதுதான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வந்தவர் 'வீடு' என்று எழுதிவிட்டு, டேப்பின் நுனியைச் சுவரில் வைக்க, பூட்ஸ் காலை மேட்டின் மேல் தூக்கினார்.

"ஜூத்தா உதாரோ!"

பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கத்தியது நான்தான். அவர் கையையும் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், எழுதியதை அடித்துவிட்டுக் 'கோயில்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போன வருடம் அவர் இறந்துவிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. அக்கா அதே பரணில்தான் இருக்கிறாள், பொதுக் குழாயடியில்தான் குளிக்கிறாள். பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்கிறாள்: "நீதான் சாமியே கெடையாதும்பியே. அப்புறம் எதுக்குல கத்துன?"

ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்கிறேன். ஒன்றையும் அவள் நம்புவதில்லை.