நாக்குக்காரர் போட்ட எட்டு

சம்பளம் போடுகிறவரைத் தவிர அந்த அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் அவர் நாக்குக்காரர்தான். கடைகளில் விற்கிற தீனிகளை வாங்கி வந்து, ருசி எப்படி, உடம்புக்கு எப்படி என்று ஒப்பிட்டு மாதம் ஒரு பட்டியல் வெளியிடுவது அந்த அலுவலகத்தின் பிழைப்பு. உடம்புக் கணக்கை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். ருசிக்கு ஐந்து பேர். அவர்களில் மூத்தவர் இவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மாவு எந்த மாதம் அரைத்தது என்று சொன்னவர் என்று புதிதாக வருகிறவர்களிடம் கதை விடுவார்கள். பாதி நிஜம், பாதி சரடு. அந்தப் பாதி நிஜமே ஒரு மனுஷனுக்குத் தாராளம்.

அந்த நாக்கு செத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

நாலு நாள் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டால் நாமெல்லாம் "நாக்கு செத்துப்போச்சு" என்று புலம்புவோம். அது வேறு. இவருக்கு நிஜமாகவே செத்தது. ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுத்தார், எட்டாம் நாள் எழுந்து பல் தேய்த்தால் பற்பசை வெறும் நுரையாக இருந்தது. இனிப்பு இல்லை, உப்பு இல்லை, புளிப்பு இல்லை, வாசனையும் இல்லை. காரம் மட்டும் சுட்டது. அது ருசியில் சேர்த்தி இல்லை, வலியில் சேர்த்தி. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார். இதைச் சொல்வதற்கு எதற்கு அத்தனை வருஷப் படிப்பு என்று தெரியவில்லை.

மறுநாளே போய் மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வயசு ஐம்பத்து நாலு; நாக்கைத் தவிர வேறு எதையும் வைத்துப் பிழைத்தறியாத மனிதர். கால் ஒடிந்த தபால்காரருக்காவது உட்கார்ந்து முத்திரை குத்துகிற வேலை கொடுப்பார்கள். ருசி தெரியாத ருசிக்காரனை எங்கே உட்கார வைப்பது? இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் நாக்கு திரும்பிவிடும் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதில் சொல்ல வேண்டிய விஷயம் இரண்டாகிவிட்டது. நாக்கு போனது ஒன்று, போனதை மறைத்தது இன்னொன்று. பயம் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம்.

ருசி பார்க்கிற அறையில் ஐந்து கூண்டுகள் இருந்தன. அலுவலகக் காகிதங்களில் அவற்றுக்குக் கௌரவமான வேறு பெயர் உண்டு. உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் அது கூண்டு என்று. இரண்டு பக்கமும் வெள்ளைப் பலகை, முதுகுக்குப் பின்னால் கதவு, முன்னால் ஒரு சின்னத் தள்ளு ஜன்னல். தீனியின் நிறம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு. ஜன்னல் வழியாக எண் ஒட்டிய தட்டு வரும், கொப்பளிக்க வெந்நீர் வரும், கூடவே ஒரு தாள் வரும். தாளில் ஒன்றிலிருந்து பத்து வரை வட்டங்கள். ஒன்றைக் கறுப்பாக்கித் திருப்பித் தள்ள வேண்டும். தெரியவில்லை என்பதற்கு வட்டம் கிடையாதா என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "தெரியலைன்னு சொல்ற நாக்குக்கு இங்க என்ன வேலை?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நாக்குக்காரரும் சிரித்தார், காய்ச்சலுக்கு முந்திய காலம் அது.

பின்னே பதினான்கு மாதம் எப்படி ஓட்டினார்? அங்கேதான் மனுஷனின் மூளையைப் பாராட்ட வேண்டும். ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தாள், "அண்ணே, அண்ணே" என்று பாசமாகப் பேசுவாள். வாங்கி வந்த தீனியை அரைத்துக் கூழாக்கி, காயவைத்து, கொழுப்பு இத்தனை, உப்பு இத்தனை, சர்க்கரை இத்தனை என்று பிரித்தெடுத்து, உடம்புக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை. தாளை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போவாள். ஒருநாள் அதை எட்டிப் பார்த்தவருக்குப் பளிச்சென்று பட்டது: கொழுப்பும் உப்பும் எங்கே கூடுதலோ அங்கேதான் ஜனங்களுக்கு ருசி. அவள் போட்டதைப் பத்திலிருந்து கழித்தால் போதும். அவள் மூன்று போட்டால் இவர் ஏழு. அவள் ஆறு போட்டால் இவர் நாலு. இயற்கையாக இருக்கட்டுமென்று அவ்வப்போது ஒன்று கூட்டுவார், ஒன்று குறைப்பார். மற்ற நாலு பேர் நாக்கால் கண்டுபிடித்ததை இவர் கழித்தல் கணக்கால் கண்டுபிடித்தார். சண்டாளக் கணக்கு, ஒருதடவைகூடக் காலை வாரவில்லை.

வீட்டில் கதை இதைவிட மோசம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவர் தீர்ப்புச் சொல்லாமல் சாப்பிட்டுக் கை கழுவியதில்லை. உப்பு ஒரு கல் தூக்கல் என்பார், பருப்பு இன்னும் இரண்டு நிமிஷம் வெந்திருக்கலாம் என்பார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து சமைக்கிறவள். "வீட்லயும் மார்க் போடாதீங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், வாரக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறாள். நாக்கு அடங்கவில்லை. காய்ச்சலில் எழுந்து முதல் நாள் சாப்பிட்டபோது, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லா இருக்கு" என்றார்.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன்."

அன்று அவள் பாத்திரம் கழுவுகிற சத்தமே வேறாக இருந்தது. அடுத்த நாளும் சொன்னார், அதற்கடுத்த நாளும். அவள் சமையலறைக்குப் புதிதாக ஒரு விளக்கு போட்டாள். வேலை முடிந்து வருகிறபோது காய்கறிப் பையோடு பாட்டும் வந்தது. தங்கையிடம் போனில், "இருபத்திரண்டு வருஷம் ஆச்சுடி, இப்பத்தான் என் கைப்பக்குவம் அவருக்குப் புரிஞ்சிருக்கு" என்று சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அலுவலகத்தில் உண்மையைச் சொன்னால் வேலை போகும். வீட்டில் சொன்னால் அந்தப் பாட்டு போகும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற நிலைமை. அவர் இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பர்கர் வந்தது.

ஆறு கடைப் பர்கர்கள், எது ருசி, எது உடம்புக்கு நல்லது. ஆய்வகப் பெண் ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு போட்டிருந்தாள். "பிழிஞ்சா எண்ணெய் டம்ளர்ல பிடிக்கலாம்ணே" என்று முகம் சுளித்தாள். பத்தில் இரண்டு போனால் எட்டு. கூண்டுக்குள் ஐந்தாம் தட்டு வந்ததும் கடித்தார்; பன் மெத்தென்றிருந்தது, கறி பல்லில் கொஞ்சம் இழுத்தது, உதட்டில் எண்ணெய் படிந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. எட்டைக் கறுப்பாக்கித் தள்ளினார்.

பிறகு ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது வழக்கம். அங்கே பேசியபின் அவரவர் மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தாம் எண் வந்ததும் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ருசி பார்க்க வந்த பெரியவர், "நான் ரெண்டு போட்டேன். அடியில என்னமோ கசந்துச்சு" என்றார். மற்றவர்களும் இரண்டு, மூன்று என்றார்கள். எல்லோரும் நாக்குக்காரரைப் பார்த்தார்கள்.

"எட்டு" என்றார். வேறு என்ன சொல்ல முடியும், எட்டைக் கறுப்பாக்கிய தாள் எல்லோர் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தது.

"எட்டா?"

அந்தக் கணத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் வாயில் வேறு வந்தது. "கசந்துச்சுன்னீங்களே, அந்தக் கசப்பு வேணும்னே வச்சது. எல்லார்க்கும் லேசுல பிடிபடாது."

பெரியவர் மேலுதட்டை நக்கிப் பார்த்தார். "ஆமா, இப்ப யோசிச்சா ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செஞ்சுது" என்றபடி ரப்பரை எடுத்தார். ஒருவர் எடுத்தால் போதாதா, மற்றவர்களும் எடுத்தார்கள். அந்த மாதப் பட்டியலில், உடம்புக்குக் கடைசி இடம் பிடித்த ஐந்தாம் எண், ருசிக்கு முதலிடம் பிடித்தது.

பட்டியல் வெளிவந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம், மனைவி அந்தக் கடைப் பர்கர் இரண்டோடு வீட்டுக்கு வந்தாள். "எங்க கடையில எல்லாரும் கேக்கறாங்க, உங்க வீட்டுக்காரர் எட்டு போட்டதைத் தின்னு பாத்தீங்களான்னு. இன்னிக்கு எனக்குச் சமையல் லீவு" என்று சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு தட்டில் வைத்தாள். கடைக்குக் கட்டிக்கொண்டு போன நல்ல புடவையைக்கூட மாற்றவில்லை.

அவர் முக்கால்வாசி தின்றிருந்தார். அவள் அப்போதுதான் ஒரு கடி கடித்தாள். இரண்டு தரம் மென்றாள். நிறுத்தினாள். உள்ளங்கையில் துப்பினாள்.

"சீ, பழைய எண்ணெய். சிக்கு வாடை குமட்டுது. எனக்குக் கெட்டுப்போனதைக் குடுத்துட்டான் போலருக்கு. உங்களுது எப்படி?"

பதினான்கு மாதப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நல்லா இருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கை நீட்டி அவர் தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து நுனியைக் கடித்தாள். அதையும் துப்பினாள்.

"இது நல்லா இருக்கா?" என்றாள். குரல் எழும்பவேயில்லை. "நேத்து என் சமையலுக்குச் சொன்னீங்களே, அதே மாதிரியே சொல்றீங்க. அதே குரல்."

அவர் உதட்டிலிருந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமில்லாமல் அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. "அப்ப இத்தனை நாள் எனக்குக் கிடைச்சதெல்லாம் காய்ச்சல் போட்ட மார்க்கு" என்றாள். எழுந்து இரண்டு தட்டையும் குப்பையில் கவிழ்த்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள். "சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடறீங்களா நீங்க?"

மானம் ரோஷம் இருக்கிறதா என்று கேட்க ஊரெல்லாம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அந்தப் பாவி மனுஷனுக்கு நேர் அர்த்தத்தில்கூட அதற்கு விடை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சில்லை. திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பா மட்டும் வழக்கமான இடத்தில் இருந்தது. மத்தியானம் திறந்தார், சோறு, பருப்பு, அவித்த காய். ஒரு வாய் போட்டதும்தான் அந்த எண்ணம் வந்தது. உப்பு போட்டிருக்கிறாளா? போட்டிருந்தால் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. போடவில்லையென்றால் ஆறவில்லை. பதில் வாய்க்குள்ளேயே இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. பாதி டப்பாவைத் தின்று பார்த்தார். தெரியவில்லை.

எதிரே ஆய்வகப் பெண் தன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துத் தாள் அவள் முழங்கைப் பக்கத்தில் இருந்தது. பிறர் முகம் பார்த்துப் பிழைக்கப் பழகியவராயிற்றே, டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சம் எடுத்துக்கம்மா."

அவள் ஒரு வாய் எடுத்தாள். புருவம் சுருங்கியது. "என்னண்ணே, அண்ணிக்கு உங்க மேல கோபமா? ஒரு கல் உப்பு இல்லையே."

"அப்படியா" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவள் டப்பாவைப் பார்த்தாள். பாதி காலி. நாக்குக்காரர் ஒன்றும் சொல்லாமல் தின்று தீர்த்த பாதி. மூடியைத் திருப்பினாள், அதன் உள்பக்கம் காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். "உப்பு. தனியா குடுத்துவிட்டிருக்காங்க, நீங்களே போட்டுக்கங்கன்னு." சொல்லிக்கொண்டே வந்தவள் மெல்லப் பேச்சை நிறுத்தினாள். அவள் கண் தன் தாளுக்குப் போனது, அவர் முகத்துக்கு வந்தது, மறுபடி தாளுக்குப் போனது.

"அண்ணே, அந்த அஞ்சாம் நம்பருக்கு நான் ரெண்டு போட்டேன்" என்றாள்.

அவர் தலைகுனிந்திருந்தார். அவள் திட்டவில்லை. தாளை எடுத்து, எழுத்து தெரியாமல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள். மணி அடித்தது.

கூண்டுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்து, தட்டு நீட்டுகிற அம்மாள் தட்டும் தாளும் வைத்துவிட்டு மூடினாள். ஒரு கடி கடித்தார். பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, அத்தனை உப்பையும் நாக்கில் கொட்டிக்கொண்டார். நறநறவென்றது, கரைந்தது, எச்சில் ஊறியது, அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவாவது உப்பாக இருக்கும்.

தாளைப் பார்த்தார். ஒன்றிலிருந்து பத்து. அவள் தாள் கவிழ்ந்து கிடக்கிறது, கழிக்க எண் இல்லை. பென்சிலை எட்டின் மேல் வைத்தார், எடுத்தார். தாளின் ஓரத்தில் எழுதினார்: "எனக்கு ருசி தெரிவதில்லை. பதினான்கு மாதமாக." மறுபடி படித்துப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வழியே தள்ளினார். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக முதுகை நிமிர்த்தி மூச்சு விட்டார்.

மூச்சு முடிவதற்குள் ஜன்னல் திறந்தது. அதே தாள் திரும்பி வந்தது.

"சார், ஓரத்துல என்னமோ எழுதிட்டு வட்டத்த மறந்துட்டீங்க" என்றாள் அந்த அம்மாள். "ஒண்ணைக் கறுப்பாக்கிக் குடுங்க, அடுத்த தட்டு ஆறிட்டிருக்கு."