கண்ணாடிக் கடை குணசேகரன் கை தூக்கிய மாலை

அன்று மாலை நான் சுட்ட ரவை குணசேகரன் மீது பட்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்தான். போன சனிக்கிழமை காலை, எங்களோடு ஆடும் ஸ்டீபன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், குணாண்ணா பூட்டாரு. கட ஷட்டர தூக்கிக்கினு இருந்தவரு அப்டியே குந்திட்டாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சு."

நான் "சரி" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு முதலில் மனதில் வந்தது அந்தக் கேள்விதான். அழுகை பிறகு வந்தது.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவரிடம் கண்ணாடி வாங்கியவர்கள் இதைப் படிக்கக்கூடும். மாகறல் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஆடியவர்களும் படிப்பீர்கள். முன்னவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இதன் பெயர் ஏர்சாஃப்ட். இரண்டு அணிகள். மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் ரவையை ஸ்பிரிங் விசையில் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள். ரவை பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். சாயம் ஒட்டாது, மணி அடிக்காது, நடுவர் கிடையாது. பட்டவர் தானே கை தூக்கி, தோப்பு ஓரத்து மாமரத்தடிக்குப் போய் உட்கார வேண்டும். முழு ஆட்டமும் அந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. தொலைவில் மறைந்து படுத்திருந்து ஒற்றை ஒற்றையாகச் சுடுபவர் ஸ்நைப்பர். குணசேகரன் ஸ்நைப்பர். இப்போது நானும்.

நாற்பத்தேழு வயதில் வெள்ளெழுத்துக்காக அவர் கடைக்குப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. கொல்லைக் கொடியில், உடம்பெங்கும் சாக்குநார் தொங்கும் ஓர் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. கரடி வேஷமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சட்ட மேடம். இத மாட்டிக்கினு படுத்தா என் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. அதுக்காவே தெச்சேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "நீ படுத்துக்கினு கீறத பாக்க எனக்கு டைம் வேற கீதா?" என்றார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நாள் முழுவதும் பேசுவது என் தொழில். மணிக்கணக்கில் வாய் திறக்காமல் தரையில் படுத்திருக்க வேண்டிய விளையாட்டு ஒன்று உண்டு என்று அவர் விளக்கியபோது, எனக்கு அது பொருந்தும் என்று தோன்றியது. அவர் சொன்ன மற்ற எதையும் அன்று நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் கைபேசியில் ஒரு துப்பாக்கியின் படத்தைக் காட்டினேன். அதன் மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இத வெச்சி நிலாவப் பாக்கலாம். நம்ம தோப்புல எதிர்ல நிக்கற மரத்துப் பட்டதான் தெரியும்" என்றார். சிறிதாகக் காட்டும் தொலைநோக்கியே போதும், சுற்றிலும் என்ன அசைகிறது என்று தெரிய வேண்டும் என்றார். பிறகு கழித்துப்போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியைக் கொல்லைச் சுவரில் வைத்துச் சுட்டார். ஒரு வில்லை தெறித்துப் போயிற்று. அதே இடத்தில் தன் ஆட்டக் கண்ணாடியை வைத்துச் சுட்டார். சிறு புள்ளி மட்டும் விழுந்தது. "மொதல்ல இது. அப்பறம் கைத்துப்பாக்கி. கடேசில தான் நீங்க காட்ற ரைஃபிள். கண்ணுக்கு மட்டும் ஸ்பேர் கெடயாது மேடம்."

கைத்துப்பாக்கி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஸ்நைப்பரின் துப்பாக்கிக்கு விசை அதிகம். இரண்டு பேருந்து நீளத்துக்குள் நிற்பவரை அதைக்கொண்டு சுடக்கூடாது என்பது விதி. கிட்டே வந்துவிட்டால், விசை குறைந்த கைத்துப்பாக்கியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் விட்டுவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் பெரிய துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, எதிரி பக்கத்தில் வந்ததும் திருதிருவென்று விழிப்பார்கள் என்றார். நானும் விழித்திருப்பேன்.

அவர் சொன்னதெல்லாம் சரியென்று எழுதினால் அவரே சிரிப்பார். துப்பாக்கிக் குழாய் நீளமாக இருந்தால் ரவை தொலைவு போகும் என்று உறுதியாக நம்பினார். நான் நம்பவில்லை. இரண்டு குழாய்களை வாங்கி, மாற்றி மாற்றிப் பொருத்தி, ஓர் அரிசி மூட்டைச் சாக்கைக் குறியாகக் கட்டிச் சுட்டோம். ஒரு வித்தியாசமும் இல்லை. எடை கூடிய நல்ல ரவையைப் போட்டபோதுதான் சாக்கில் ஓட்டைகள் ஓரிடத்தில் நெருங்கின. இரண்டு வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் புதிதாக வந்த ஒருவரிடம், "கொழா நீளம்லாம் வேஸ்ட்டுப்பா, துப்பாக்கி சுமாரா இருக்கலாம், ரவ சுமாரா இருக்கக்கூடாது" என்று, பிறந்ததிலிருந்து தெரிந்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நானும் அவருடையதைப் போன்ற நாருடுப்போடு வரப்போரம் படுத்திருந்தேன். சுள்ளி பொறுக்க வந்த ஓர் அம்மாள் என் கையை மிதித்துவிட்டார்.

"ஐயய்யோ, குப்ப மோடு மூச்சு வுடுது!"

வெளியாள் நுழைந்தால் "ஆள்!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கத்தினோம். குணசேகரன் அவரைச் சமாதானப்படுத்தத் தன் புதரிலிருந்து எழுந்தார். அதுதான் தவறாகப் போயிற்று.

"யம்மாடி, இன்னொண்ணு வருது!"

அவர் முகத்துணியை விலக்கினார். அந்த அம்மாள் உற்றுப் பார்த்தார். "கண்ணாடிக் கடக்காரரா? ஏன்யா, கடயில ஈ ஓட்டறது போதாதா? இந்தம்மா யாரு?"

"காலேஜ் டீச்சரும்மா."

"படிச்சவங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேஜாரு."

குணசேகரன் சுள்ளிக்கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த அம்மாள் வரும் நேரத்தில் ஆட்டம் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. காவல் நிலையத்தில் முன்னரே சொல்லிவைப்பது, துப்பாக்கியை உறைக்குள் வைத்தே கொண்டுவருவது எல்லாம் ஏற்கெனவே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த மாலை. ஆட ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியும் நான் ஒருவரையும் சுட்டு வீழ்த்தியிருக்கவில்லை. அன்று காலை அவரிடம், "இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், துப்பாக்கியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். கடைசிச் சுற்றில் இரு பக்கமும் ஒவ்வொருவர்தான் மிச்சம். நான் கால்வாய்க் கரையில் இருந்தேன். அவர் பம்ப்செட் அறைக்குப் பின்னால். அவருடைய தோள் கொஞ்சம் தெரிந்தது. காற்று இடமிருந்து வீசியது. கொஞ்சம் தள்ளிக் குறிவைத்துச் சுட்டேன். ரவை சாய்வெயிலுக்குள் போனது. அதன் பிறகு என் கண்ணில் படவில்லை.

குணசேகரன் எழுந்து கை தூக்கினார்.

மாமரத்தடியில் ஸ்டீபன் விசிலடித்துக்கொண்டிருந்தார். டீ ஊற்றும்போது நான் கேட்டேன், "உண்மையாகவே பட்டதா?"

"கை தூக்கனேன் இல்ல? அப்பறம் இன்னா கேள்வி?"

துப்பாக்கியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. பட்டிருக்கலாம். அல்லது, நான் போய்விடக்கூடாது என்று இரக்கப்பட்டுத் தூக்கியிருக்கலாம். அப்படியென்றால், ஆட்டத்தின் ஒரே விதியை, அதை எங்களுக்குச் சொல்லித்தந்தவரே எனக்காக உடைத்தார் என்றாகும். அதன் பின் நான் வீழ்த்தியவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், தொடக்கம் பொய். அந்தப் பரிசை நான் விரும்பவில்லை. பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டேன். அதே பதில்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. புதியவர்களிடம் அவர் எப்போதும் சொல்வது: "டவுட்டுன்னா கை தூக்கு. யோசிக்க ஆரமிச்சா நமக்கு சாதகமாத்தான் யோசிப்போம்." ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்கவில்லையோ? ஒற்றை நிகழ்வை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

என்னிடம் இருப்பது அவர் போன மாதம் செய்துகொடுத்த கண்ணாடி. ஆட்டக் கண்ணாடிக்குள் பொருந்துவது. இடது வில்லை தோப்பைப் பார்க்க, வலது வில்லை தொலைநோக்கிக்குள் பார்க்க. போட்டுக்கொண்டு நடந்தால் தலை சுற்றும். "நடக்கறதுக்கு இல்ல மேடம், படுக்கறதுக்கு" என்றார்.

அவரைச் சனிக்கிழமை மாலையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆட்டம் உண்டு என்றோ இல்லை என்றோ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் எழுதவில்லை. எல்லாரும் தோப்புக்கு வந்திருந்தோம். கொஞ்ச நேரம் மாமரத்தடியில் நின்றோம். "ஒரு ரவுண்டு?" என்று ஸ்டீபன் கேட்டார். அணி பிரிந்தோம். ஸ்டீபன் எதிரணி.

நான் கால்வாய்க் கரையில், அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் தோளில் தொங்கிய நார் ஒருமுறை அசைந்தது. உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. ரவை நாரில் பட்டு விழுந்திருக்கலாம். வெறும் காற்றாகவும் இருக்கலாம். தரையில் ரவை கிடக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். அதற்குள் கையைத் தூக்கிவிட்டிருந்தேன்.

பம்ப்செட் அறைப் பக்கமிருந்து ஸ்டீபன் எழுந்தார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

"நெஜமா பட்டுதா மேடம்?"

"கை தூக்கினேன் இல்ல?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மாமரத்தடிக்கு நடந்தேன்.