லூர்துராஜின் ரம்பம் கிளம்பிய கதை

லூர்துராஜுக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் தன்னைப் போல மரம் வெட்ட ஒருத்தனும் பிறக்கவில்லை என்பது ஒன்று. வீட்டில் எது பழுதானாலும் அதற்குக் காரணம் பெண்டாட்டி அமலோற்பவம்தான் என்பது இன்னொன்று. முதலாவதை ஊரே ஒப்புக்கொள்ளும். இரண்டாவது வடிகட்டின பொய். ஒரே ஒரு தடவை மட்டும் அது உண்மையாகிப் போனது. அந்தக் கதைதான் இது.

களமருதூரில் அப்பாவுக்கு நெல் வயல் இருந்தது. சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் கள்ளக்குறிச்சிக்கு வந்து மரவாடியில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்ரோலில் ஓடுகிற ரம்பம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிய நாளிலிருந்து அவனுடைய நடையே மாறிவிட்டது. கல்வராயன் மலையில் யார் வீட்டுப் பக்கம் மரம் சாய்ந்தாலும் போன் இவனுக்குத்தான் வரும். எவ்வளவு உயரத்திலும் கிளையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ரம்பத்தைப் பிடித்து வெட்டுவான். கீழே நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்தால் இன்னும் ஒரு கிளை ஏறுவான்.

அப்படி மேலே இருந்தபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. போன ஐப்பசி மழையில், கீழே இறங்கி நின்று பீடி பற்ற வைத்த நேரத்தில் பாதி வெட்டிய புங்கங்கிளை முறிந்து காலில் விழுந்தது. எலும்பு இரண்டு துண்டு. ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ரம்பத்தை யாரோ வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். அமலோற்பவம் அதைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சும்மா வைக்கிற மெஷினின் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது என்பது நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு யார் அதை ஞாபகம் வைத்துச் சொல்வது!

ஆடிக் காற்று வந்தது. கூடவே மலையிலிருந்து செல்லமுத்துவின் போனும் வந்தது.

"அண்ணா, பலா மரம் வேரோட பெயர்ந்து வூட்டுப் பக்கம் சாஞ்சி நிக்குது. புள்ளைங்கள பக்கத்து வூட்ல படுக்க வச்சிக்கினு இருக்கேன். நாளைக்கு வர்றியாண்ணா? கால் முடியலன்னா சொல்லு, டென்னிசக் கூப்பிடறேன்."

டென்னிஸ் இவனிடம் தொழில் கற்றவன். கால் கட்டோடு இவன் படுத்திருந்த மாதங்களில் கீழ்நாட்டு வேலை முழுக்க அவன் கைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது மலை ஒன்றுதான்.

"டென்னிசா? அவனுக்கு முருங்க மரம் ஒடிக்கத் தெரியுமா மொதல்ல? நாளைக்குக் காலையில நான் அங்க இருப்பேன், போ" என்றான் லூர்துராஜ். நாளைக்குப் போகாவிட்டால் மலையும் போய்விடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று, கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பிழைப்பு.

கட்டிலுக்கு அடியிலிருந்து ரம்பத்தை இழுத்து வாசலில் வைத்தான். கயிற்றைச் சுண்டினான். இருமியது. சோக்கைப் போட்டுச் சுண்டினான். கிளம்பியது. ஆஹா என்று ஆக்சிலேட்டரை அழுத்தினதும் பொசுக்கென்று செத்தது. பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டான். ஏர் பில்டரைத் திறந்தால் மரத்தூளோடு ஒரு கரப்பான் குடும்பம் சகல வசதியோடு குடியிருந்தது. அதைக் காலி பண்ண வைத்தான். மறுபடியும் கிளம்பியது, மறுபடியும் செத்தது. பழைய பெட்ரோலைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. ஆயில் கலந்த புதுப் பெட்ரோலை அதன் தலையிலேயே ஊற்றினான். இப்போது கிளம்பக்கூட மாட்டேன் என்றது.

"இப்ப வர்ற பெட்ரோலே சரியில்ல. பாதி கரும்புச் சாறு" என்றான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமலோற்பவம் தலையைத் தூக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த மெசினுக்குப் புத்தி வந்துடுச்சிய்யா. உனுக்குத்தான் இன்னும் வரல."

"நீதான் இன்னாவோ பண்ணியிருக்கே."

"ஆமா, நான்தான் ராத்திரியில எழுந்து ஓட்டிக்கினு இருந்தேன்."

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சாதுல்லா பாய் கடைக்குப் போனான். மருந்து அடிக்கிற பம்ப், தண்ணி மோட்டார், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் பார்க்கிற கடை. அமலோற்பவமும் வெங்காயம் வாங்க வேண்டும் என்று கூடவே ஏறிக்கொண்டாள். வீட்டில் கூடை நிறைய வெங்காயம் இருந்தது. மெஷின் தேறாது என்று பாய் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் அவளுக்கு.

பாய் எதையும் கழற்றவில்லை. முதலில் டேங்கைக் கண்ணாடி பாட்டிலில் கவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே பெட்ரோல். அடியில் தனியாக, தெளிவாக ஒரு விரற்கடை தண்ணீர்.

"இன்னாப்பா லூர்து, தண்ணி நிக்குது? மழையில வச்சிருந்தியா?"

"கட்டிலுக்கு அடியில ஏன் பாய் மழ பெய்யப் போவுது?"

அமலோற்பவம் கடை வாசலில் போகிற பஸ்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். லூர்துராஜுக்குப் புரிந்துவிட்டது. "அடியே!"

"கத்தாதய்யா. வேளாங்கண்ணியிலருந்து கொண்டாந்த மாதா தண்ணி. உன் கால்ல தடவுனது போக மிச்சம் இருந்துச்சி. வாரா வாரம் ஒரு மூடி ஊத்துனேன், அவ்ளோதான்."

"மெசினு ஓடணும்னு ஊத்துனியா, ஓடக் கூடாதுன்னு ஊத்துனியா?"

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "அத மாதா இஷ்டத்துக்கு வுட்டுட்டேன்."

பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாதா தண்ணியோ மெக்கா ஜம்ஜம் தண்ணியோ, கார்பரேட்டர் எதையும் ஒத்துக்காதும்மா" என்று சொல்லி உட்கார்ந்தார். கார்பரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டிக் கழுவி, துவாரங்களில் காற்று அடித்து, டேங்குக்குள் இருந்த குட்டி பில்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினார். பாட்டிலில் இருந்ததை லூர்துராஜ் சாக்கடையில் கொட்டப் போனான். அமலோற்பவம் குறுக்கே வந்து நின்றாள். மாதா தண்ணியைச் சாக்கடையில் ஊற்றினால் இன்னொரு காலும் போகும் என்றாள். அப்படியானால் செடிக்கு ஊற்று என்றால், பெட்ரோல் பட்டு அது கருகும். பாய் பாட்டிலை வாங்கி மூடி போட்டு, சுவரில் மாட்டியிருந்த மெக்கா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தார். பிரச்சினை தீர்ந்தது.

ரம்பம் கிளம்பிய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் சாகவில்லை. லூர்துராஜ் சந்தோஷத்தில் பாயைக் கட்டிப்பிடித்தான். அமலோற்பவத்துக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, வேண்டாத வெங்காயத்தை வாங்கப் போனாள்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ்ஸில் கிளம்பினான். அவளும் ஏறினாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் வெங்காயம் வாங்க என்று சொல்லியிருப்பாள்.

செல்லமுத்துவின் வீட்டு ஓட்டுக்கு மேல் பலா மரம் குனிந்து நின்றது. எதிர்ப்பக்கம் கயிறு கட்டி ஊர்க்காரர்கள் இழுத்துப் பிடித்தார்கள். லூர்துராஜ் ஒரே சுண்டில் ரம்பத்தைக் கிளப்பினான். கூட்டம் கை தட்டியது. பட்டை மேல் ரம்பத்தின் பல் சங்கிலியை வைக்கப் போனவனுக்கு, மேலே ஒரு கிளை காற்றில் கிறீச்சென்றது கேட்டது. கை நடுங்க ஆரம்பித்தது. மெஷின் நடுக்கம் என்று நினைத்து அணைத்தான். அணைத்த பிறகும் கை நடுங்கியது. ஒற்றைக் கையால் வெட்டுகிறவனுக்கு இப்போது இரண்டு கையும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இன்னாண்ணா, முடியலையா?" என்றான் செல்லமுத்து. அவன் கையில் போன் ஏறிவிட்டது.

லூர்துராஜ் வாயைத் திறப்பதற்குள் அமலோற்பவம் முன்னால் வந்தாள். "மெசினுல கோளாறுங்க. ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சில்ல, இப்பிடித்தான் நின்னு நின்னு ஓடும். கொஞ்சம் ஆறுனா சரியாப் பூடும்ங்க. எல்லாருக்கும் டீ போடச் சொல்லுங்க."

போன் சட்டைப் பைக்குள் போனது. கூட்டம் டீக்குத் திரும்பியது. அவள் அவன் பக்கத்தில் குந்தி, ரம்பத்தைத் தொட்டுப் பார்ப்பது போலக் குனிந்தாள்.

"வூட்டுக்குப் போலாமாய்யா? போலாம்னா சொல்லு, மெசினு செத்துப் போச்சின்னு நானே சொல்லிக்கிறேன்."

அவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "வேணாம். வெட்டறேன்" என்றான்.

டீ குடித்து முடித்து எழுந்தான். "தள்ளிப் போடி, மேல கெளையிருக்குது."

"மாட்டேன். இங்கதான் நிப்பேன். வுழுந்தா ரெண்டு பேர் மேலயும் வுழட்டும். பாத்து வெட்டு."

கெஞ்சினான், திட்டினான். அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தான். கொஞ்சம் வெட்டுவான், நிறுத்துவான், மேலே பார்ப்பான், கயிற்றைப் பார்ப்பான், அவள் நிற்கிற இடத்தைப் பார்ப்பான், மறுபடி வெட்டுவான். வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் லூர்துராஜ் இவ்வளவு பயந்து, இவ்வளவு ஒழுங்காக ஒரு மரத்தை வெட்டியதில்லை. பலா எதிர்ப்பக்கம் சரிந்து மரவள்ளிக் காட்டில் விழுந்தது. வீட்டில் ஒரு ஓடும் உடையவில்லை.

அமலோற்பவம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த மரத்துக்கும் நான் வருவேன்" என்றாள்.