இசக்கிச்செல்வி இறக்கிய தரம்

“சம்பளமெல்லாம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. எம் மக அந்த வேலைய சும்மாதான் பாக்குதா.”

பூச்சந்தையில் பிச்சிப்பூ மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த பரமசிவன் அண்ணாச்சி நிமிர்ந்தார். “நான் என்னவே கேட்டேன்? பேரன் எப்படி இருக்கான்னு கேக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மக கதைய எடுத்துட்டீரு.”

பேரன் பிறந்து இருபத்து மூன்று நாள். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். ஆனால் இது அவன் அம்மா இசக்கிச்செல்வியைப் பற்றியது.

யார் வேண்டுமானாலும் எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்துகிற கலைக்களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. அங்கே கட்டுரைகளுக்கு கம்ப்யூட்டரே தரம் போடுகிறது. போட்டது சரியா தப்பா என்று பார்த்துக் காரணத்தோடு எழுதுவது என் மகளைப் போன்றவர்களின் வேலை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தும் அவள் அதை விடவில்லை. பிள்ளை தூங்கினால் போனைக் கையில் எடுத்துவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் விளங்கவைத்தது இப்படித்தான்:

“அது தராசு மாதிரிப்பா. ஈரப்பூவையும் பூன்னுதான் நிறுக்கும். நீங்க மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாப்பியள்லா, அந்த வேலைதான் எனக்கு.”

மாசமாக இருந்தபோது எங்கள் பூச்சந்தையைப் பற்றி அவளே ஒரு கட்டுரை எழுதினாள். சந்தைக்கு முதல் கூடைப் பூவைப் பனவடலிசத்திரத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது என் அப்பா சங்கரசுப்பு என்று நான் சொன்னேன். அது அச்சில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். வியாபாரிகள் சங்க ஆண்டு மலரில் இருக்கிறது என்றேன். நம்பி, அந்த மலரையே ஆதாரமாகக் காட்டி அடிக்குறிப்புப் போட்டுவிட்டாள்.

அந்தக் கட்டுரைக்குத்தான் போன வாரம் கம்ப்யூட்டர் முதல் தரம் போட்டிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கலைக்களஞ்சியத்தின் முகப்புப் பக்கத்தில் வரும் என்றாள். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஆண்டு மலரைப் பரமசிவன் அண்ணாச்சியிடம் கேட்டிருந்தாள். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத என் அப்பாவின் பெயரை உலகமே படிக்கப் போகிறது. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

சந்தையில் அவரிடம் சொன்ன மறுநாள் பிள்ளையைப் பார்க்க வந்த பரமசிவன் அண்ணாச்சி, “இந்தா தாயி, நீ கேட்ட மலரு” என்று பழைய புத்தகத்தை நீட்டினார். அவர் போனதும் பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

“அப்பா, தாத்தா பேரு இதுல இல்லையே.”

“இருக்கும். நல்லாப் பாருட்டி.”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். நீங்க படிச்சியளா?”

நான் படிக்கவில்லை. அட்டையில் பூக்கூடைப் படம் இருந்தது. உள்ளே அப்பா இல்லாமலா இருப்பார் என்று நினைத்துவிட்டேன். அதைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“தரம் தப்புன்னு எழுதிருதேன்.”

“ஒன் கட்டுரைய நீயே கொறச்சுச் சொல்லுவியா? யாருக்குட்டி தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேப்பா. எரநூறு கட்டுரைக்குத் தப்புன்னு எழுதிருக்கேன். இத மட்டும் எப்படி விட?”

“எங்கப்பா பேருட்டி அது.”

“எனக்கும் தாத்தாதான்” என்றாள். குரல் இறங்கிவிட்டது. ஆனால் விரல் நிற்கவில்லை.

அந்த வரியை எடுத்தாள். ‘இதை எழுதியது நான்தான். புத்தகத்தைப் பார்க்காமலே அடிக்குறிப்புப் போட்டுவிட்டேன். மற்ற அடிக்குறிப்புகளையும் சரிபார்க்கும்வரை முதல் தரம் கொடுக்கக் கூடாது’ என்று எழுதினாள். அங்கே இருக்கிற மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முகப்பில் ஏதோ ஒரு தவளையைப் பற்றிய கட்டுரை வந்தது.

நேற்று சந்தையில் பரமசிவன் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். “என்னவே, ஒம்ம அப்பா கூடைய எறக்கிட்டாராமே?”

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

இன்று காலை பேரனைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

“எங்க தாத்தா கூடை சொமந்த கதைய இவன்ட்ட சொல்லுங்கப்பா. பேச்சு வார வரைக்கும் ஆதாரம் கேக்க மாட்டான்” என்றாள்.